காவல் நிலைய மேசையில் நமக்குரிய இடம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காவல்துறையும் பொதுமக்கள் நம்பிக்கையும் என்னும் பொருள் பற்றிப் பேசப் பணித்திருக்கின்றீர்கள். காவல்துறை உங்கள் நண்பன் என்பது நாம் பலகால் கேட்ட வாசகம். அந்நட்பு எப்போது உண்மையாகும் என்பதே நம் கேள்வி.

1979க்குப் பின் 2019இல் அத்திவரதர் தரிசனம் தந்த 48 நாட்களில், பல மாவட்டக் காவலர்கள் நம் நகரில் நின்று பெருங்கூட்டத்தை வழிநடத்தினர். அதற்கென ஒரு திறமை வேண்டும். ஆயினும் நம்பிக்கை சோதிக்கப்படுவது திருவிழா நாளில் அன்று. சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட கூலித் தொழிலாளி ஒருவர், சாதாரணமான ஒரு நாளில், துணையின்றி நிலையத்தின் படியேறுகின்றாரே, அப்போதுதான் அது சோதிக்கப்படுகின்றது.

காவல்துறைத் தலைவர்கள் மக்களை அணுக முயன்றதே இல்லை என்று நான் கூறமாட்டேன். 1993இல் இராமநாதபுரத்தில், அம்மாவட்டக் கண்காணிப்பாளர் பிரதீப் வி. பிலிப் ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். அது மாநிலமெங்கும் பரவிற்று. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் எனும் தந்தையும் மகனும் காவல் சித்திரவதைக்குப் பின் உயிரிழந்தபோது, அவ்வியக்கத்தினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் அரசு அதற்குத் தடை விதித்தது. இதில் நமக்கொரு பாடம் உண்டு. காவல்துறையே தேர்ந்தெடுக்கும் நண்பர், மக்கள் பார்வையில் நிலையத்தின் பக்கம் நிற்பவராகவே தோன்றுவார். குறையுடையோரே நேர்நின்று கேட்கும் இடம் ஒன்று வேண்டும்.

அவ்விடத்தைச் சட்டமே நமக்கு அளித்துள்ளது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் வந்த விதிகள், மாவட்டந்தோறும் விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு அமையவேண்டும் என்கின்றன. ஆட்சியர் தலைவர்; காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர்; பட்டியல் சாதி, பழங்குடி மக்களிடமிருந்து அரசு சாராத உறுப்பினர் ஐவர் வரை இடம்பெறலாம். மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் அது கூடவேண்டும். பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தார். அன்று அவர் கடல் கடந்து பெற்ற இருக்கையின் வழித்தோன்றல், இன்று நம் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கின்றது. அது வெற்று நாற்காலியாய்க் கிடக்கலாகாது.

காவல் தலைமைக்கும் ஒன்று கூறுவேன். நம்பிக்கை மேடைப் பேச்சில் பிறப்பதன்று, எழுத்தில் பிறப்பது. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, படித்துக் காட்டி, அதன்பின் கையொப்பம் பெற்று, உடனே நகல் தரவேண்டும் என்பது சட்டம். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி புலனாய்வு செய்து, 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவேண்டும். பட்டியல் வகுப்பினர் அல்லாத அரசு ஊழியர் இக்கடமைகளை வேண்டுமென்றே புறக்கணித்தால், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஒரு நிலையத்தில் நகல் மறுக்கப்படுமாயின், நூறு நல்லுறவுக் கூட்டங்கள் கூட்டினும் பயனில்லை. கீழ்நிலைக் காவலரின் சொல்லுக்கும் செயலுக்கும் மாவட்டத் தலைமையே பொறுப்பேற்க வேண்டும்.

இளைஞர்களே! இச்சங்கம் உங்களுக்கு எழுத்தறிவித்தது மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று. ஊருக்கு இருவரேனும் இவ்விதிகளைக் கற்றுணருங்கள். புகாருடன் செல்வோரைத் தனியே அனுப்பாதீர்கள். நடந்ததை நடந்தவாறே எழுதுங்கள், மிகைப்படுத்தாதீர்கள். நகலைக் கேட்டுப் பெறுங்கள். நிலையத்தில் மறுத்தால், கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அஞ்சலில் அனுப்ப விதி இடமளிக்கின்றது. குழு கூடியதா, என்ன முடிவு செய்தது என்று மூன்று மாதந்தோறும் வினவுங்கள்.

நம் ஊர்க் கோர்வைச் சேலையை நெய்யத் தறியின் மறுபுறமும் ஒரு கை வேண்டும். அப்போதுதான் உடலும் கரையும் பிரியாமல் இணையும். காவல்துறை ஒருபுறம் அமர்ந்துள்ளது. மறுபுறம் அமரவேண்டியவர்கள் நீங்கள். அஞ்சாது அமருங்கள், தலைநிமிர்ந்து கேளுங்கள்.