இரக்கம் பேசிய மன்றம்



ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தைப் பயின்றோர் நெஞ்சில் பெரும்பாலும் நிற்பது நீதிமன்றக் காட்சியே. கடன் தவறிய அந்தோணியோவின் மார்பில் ஒரு ராத்தல் சதையை அறுத்தெடுக்க, யூதனான ஷைலாக் கத்தி தீட்டுகிறான். சதையை எடுக்கலாம், ஒரு துளிக் குருதியும் சிந்தலாகாது என்று மடக்குகிறாள் சட்ட அறிஞர் வேடத்தில் வந்த போர்ஷியா. கொல்லாமையைத் தலையாய அறமெனப் போற்றும் நமக்கு அக்கத்தி வெறுக்கத்தக்கதே. ஆயினும் அது எங்கெங்கே தீட்டப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

நாடகம் 1600இல் அச்சேறியது. இங்கிலாந்து 1290இலேயே யூதரை வெளியேற்றிவிட்டமையால், அதனைக் கண்டு நகைத்தோருள் பலர் யூதர் ஒருவரையேனும் அறிந்திரார். வெனிஸிலோ 1516 முதல் யூதர் ‘கெட்டோ’ என்னும் தனிப்பகுதியில் அடைக்கப்பட்டனர். இரவில் அதன் கதவுகள் பூட்டப்பட்டன. நிலவுரிமையும் பல தொழில்களும் மறுக்கப்பட்டோர்க்கு வட்டித்தொழில் எஞ்சியது. பின்னர் அதன் பொருட்டே பழிக்கப்பட்டனர்.

அந்தோணியோ நண்பர்க்கு நல்லவன். அவனே ஷைலாக்கின் தாடியில் உமிழ்ந்தவன், அவனை நாயென்று வைதவன். நண்பனுக்காக 3000 டக்கட் கடன் கேட்டு நிற்கும்போதும் அவன் வருந்தவில்லை. இனியும் உமிழ்வேன் என்கிறான். மனம், மொழி, மெய் மூன்றாலும் இன்னா செய்யாமையைக் கற்றோர் இவ்விடத்தை விரைந்து கடத்தல் இயலாது. அடுத்து, மகள் ஜெசிக்கா பொன்னும் மணியும் கொண்டு காதலனுடன் ஓடுகிறாள். மணத்திற்கு முன் லேயா தனக்களித்த மோதிரத்தை அவள் ஒரு குரங்கிற்கு விலையாகக் கொடுத்தாள் என்று கேட்டபோது அவன் கதறியது பொன்னுக்காக அன்று.

யூதனும் பிறரைப் போன்றே வலி உணர்பவன் என்னும் அவனது புகழ்பெற்ற வாதமும் இவ்விடத்ததே. பழிவாங்கலையும் கிறித்தவரிடமே கற்றதாக அது முடிகிறது. முற்பகுதியை மட்டும் மேடையில் முழங்கிப் பிற்பகுதியை விடுத்தல் நேர்மையன்று. இருமடங்கு பொருள் தருவதாகக் கூறியும் அவன் மறுத்தான். உயிர்தான் வேண்டும் என்றான்.

ஆனால் இரக்கத்தின் பெருமையை விரித்துரைத்த அம்மன்றம் செய்தது யாது? உயிரை விட்டது. செல்வத்தில் பாதியை அந்தோணியோவின் பொறுப்பில் வைத்தது. அவன் இறந்தபின் எஞ்சும் உடைமை யாவும் மகளுக்கும் மருமகனுக்கும் சேர எழுதித்தரச் செய்தது. அவன் கிறித்தவனாதல் வேண்டும் என்றும் விதித்தது. அதனைக் கேட்டவன் அந்தோணியோ. ஆவையில் ஒருவரும் மறுக்கவில்லை. முன்னோர் வழிவந்த சமயம் எக்கடன் பத்திரத்திலும் ஈடாக எழுதப்பட்டதன்று. சிறுபான்மையாய் வாழ்ந்து நெறிகாத்த சமூகத்தார்க்கு இதன் கொடுமையை விளக்க வேண்டுவதில்லை.

1814இல் எட்மண்ட் கீனும் 1879இல் ஹென்றி இர்விங்கும் ஷைலாக்கைக் கோமாளியாக அன்றி, துன்புற்ற மனிதனாக நடித்துக் காட்டினர்.

உடல்நலம் இல்லை, பத்திரத்தை வீட்டிற்கு அனுப்புங்கள், ஒப்பமிடுகிறேன் என்று கூறி அவன் வெளியேறுகிறான். ஐந்தாம் அங்கத்தில் அவன் இல்லை. நிலவொளியில் இசையும் காதலர் பூசலும் நிகழ்கின்றன. அப்பத்திரம் கைக்கு வந்தபோது மருமகன் மகிழ்ந்து, பசித்தோர்முன் வானின்று பொழிந்த மன்னாவோடு அதனை ஒப்பிடுகிறான். மன்னா, பாலைவனத்தில் யூதரின் முன்னோர்க்கு இறைவன் அளித்ததாக அவர்தம் மறை கூறும் உணவு.