தங்கவயலில் வெயில்

நந்திதுர்க் என்றவுடன் சிக்கபல்லாபுரத்துக்கு அருகேயுள்ள நந்தி மலைக்கோட்டையை நினைப்பவரே பலர். நாம் இங்கே கருதுவது, அதே பெயரைத் தாங்கிக் கோலார் தங்கவயலில் நடந்த சுரங்கத்தையும் அதனைச் சூழ்ந்து எழுந்த குடியிருப்புகளையுமே. 1880-க்குப் பின் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடிச் சென்ற தமிழ் மக்கள், தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வருகின்றனர். வெளி மாநிலத்தில் வாழும் தமிழர் எவருக்கும் அவர்கள் கதை அந்நியமன்று. அக்கதையில் வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே நாம் சொல்ல வந்தது.

தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. கூண்டில் இறங்கிய தொழிலாளி, ஷிப்டு முடிந்து மேலே வரும்வரை கதிரவனைக் கண்டதில்லை. இரவு ஷிப்டுக்காரரோ பகலெல்லாம் லைன் வீட்டுக்குள் உறங்கினார். கீழே பாறையின் வெப்பம் உடலை வாட்டியது. அந்த வெப்பத்தில் வெயில் மட்டும் இல்லை.

வெப்பம் வேறு, வெயில் வேறு என்பதை இங்கே நன்கு பிரித்தறிய வேண்டும். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்களில் ஒரு வகை நம் தோலில் பட்டு, அங்குள்ள ஒரு கொழுப்புப் பொருளை வைட்டமின் டி ஆக மாற்றத் தொடங்குகிறது. அச்சத்துக் குறைந்தால் உணவிலுள்ள சுண்ணாம்பு எலும்பில் சரிவரச் சேர்வதில்லை. குழந்தைகளுக்குக் கால் வளைகிறது. பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகி, இடுப்பும் தொடையும் ஓயாது வலிக்கின்றன. சுரங்கத் தொழிலாளரின் இக்குறையை உணர்ந்தே சோவியத் நாட்டில் அவர்களைப் புற ஊதா விளக்குகளின் முன் நிற்கச் செய்யும் வழக்கம் இருந்தது.

2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இருளினின்று மக்கள் வெளியேறினர், இனி வெயிலுக்குக் குறைவிராது என்று எவரும் எண்ணியிருப்பர். நடந்தது வேறு. ஊரில் வேலையின்மையால், மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பெங்களூருக்குச் சென்று வரலாயினர். பொழுது புலருமுன் வீட்டை விடுகிறார்கள். பகல் முழுதும் கூரையின்கீழ் வேலை. வீடு திரும்புகையில் இரவு. பாட்டனார் நிலத்தடியில் இழந்த வெயிலைப் பேரன் அலுவலகத்தில் இழக்கிறான். கண்ணாடிச் சன்னல் அருகே அமர்ந்தாலும் பயனில்லை: வைட்டமினை உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும், தோலைச் சுருங்கச் செய்யும் மற்றொரு வகைக் கதிரையோ பெரும்பாலும் உள்ளே விடும்.

தமிழில் இளவெயில், ஏறுவெயில், உச்சிவெயில், மாலைவெயில் என்று எத்தனை பெயர்கள்! இவற்றுள் இளவெயிலே உடம்புக்கு நல்லது என்பது நம் மூத்தோர் வாக்கு. இதமாக இருப்பது உண்மைதான். எனினும் கதிரவன் தாழ்ந்திருக்கும்போது அந்தப் பயனுள்ள கதிர் வானிலேயே பெரிதும் வடிகட்டப்பட்டுவிடுகிறது. தங்கவயலின் அட்சரேகைக்கு அருகிலுள்ள திருப்பதியில் நடந்த ஆய்வுகளில், முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையுள்ள வெயிலே இச்சத்தை மிகுதியாக உண்டாக்குவதாகக் கண்டனர். கையும் காலும் வெயில் படும்படி வாரத்தில் சில நாள், ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் நின்றால் நலம். கருமை மிகுந்த தோலுக்கு நேரம் கூடுதலாக வேண்டும்.

அதே நேரந்தான் தீங்குக்கும் உரிய நேரம். தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேல் 800 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ளது. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் நூற்றுக்குப் பத்து வீதம் மிகும் என்பர். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களையொட்டிப் பகல் பன்னிரண்டே கால் மணியளவில் அங்கே கதிரவன் நேர் உச்சிக்கு வருவதால், நட்ட கோலுக்கு நிழலே விழாது. தம் நிழல் தம்மினும் குறுகிவிட்டதைக் கண்டவர், வெயில் கடுமையாயிற்று என்று அறிந்துகொள்ளலாம், கடிகாரம் தேவையில்லை. நம் தோலின் நிறமி தோல் புற்றுநோயைப் பெரிதும் தடுக்கிறது. கண்ணுக்கு அத்தகைய காவல் இல்லை. பல்லாண்டு வெயிலில் உழைப்பவருக்குக் கண்புரை வரும் வாய்ப்பு மிகுதி. கட்டட வேலைக்குச் செல்வோர்க்குத் தலைப்பாகையினும் விளிம்பு அகன்ற தொப்பி நன்று.

இனி, தடவும் மருந்து. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இதனை 'வெயிற்காப்புப் பூச்சு' என எழுதிப் பார்த்தோம். கடைக்காரருக்குப் புரிவது சன்ஸ்கிரீன் என்பதே. அதன் உறையிலுள்ள எஸ்.பி.எஃப். எண் 30 ஆனால், தோலைச் சிவக்கச் செய்யும் கதிரில் ஏறக்குறைய 97 பங்கு தடைப்படும்; 50 ஆனால் 98. பெரிய எண்ணுக்காகப் பெரிய விலை கொடுப்போர் இதனைக் கருதுக. முகத்துக்கும் கழுத்துக்கும் இரு விரல் நீளம் தடவி, வெளியில் இருக்கும்வரை இரண்டு மணிக்கொருமுறை திரும்பத் தடவினாலன்றி அவ்வெண் பொய்யே. வெண்புள்ளி உடையோர்க்கும், பிறவியிலேயே நிறமி அற்றோர்க்கும், வெயில் பட்டால் தோல் தடிக்கும் நோயுடையோர்க்கும் இஃது இன்றியமையாதது. விடியுமுன் ரயிலேறி இரவில் இறங்குபவருக்கு எதற்கு? நிறம் வெளுக்கும் என்னும் ஆசையே பெரும்பாலும் காரணம். அந்த ஆசைக்காகச் செலவழிப்பதை நாம் ஒப்பவில்லை.

இவர்களுக்கு எஞ்சுவது வார விடுமுறையின் வெயிலும் உணவும். மீனிலும் முட்டையின் மஞ்சட்கருவிலும் இச்சத்துச் சிறிதளவு உண்டு. செறிவூட்டிய பாலிலும் உண்டு. எலும்பு வலி நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். வாரம் ஒன்றாக உண்ணும் 60,000 அலகு மாத்திரையை அண்டை வீட்டார் சொன்னார் என்று வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது தகாது; மிகுந்துபோனால் இரத்தத்தில் சுண்ணாம்பு கூடிச் சிறுநீரகம் கெடும். எத்தனை வாரம் உண்பது என்பதை மருத்துவரே கூற வேண்டும்.