பள்ளத்தில் கிடந்தவனைக் கேளுங்கள்

('அறம் நிலைப்பது இறை நம்பிக்கையாலா? மனச்சான்றாலா?' என்ற பட்டிமன்றத்தில் 'மனச்சான்றாலே' என்ற அணியில் பேசியது)



முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். நான் மேடை ஏறினதிலிருந்து எதிரணி அம்மா என் நெற்றியையே பார்த்துக்கிட்டிருக்காங்க. "இவ்வளவு திருநீறு பூசிக்கிட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்காரே, இடம் மாறிப் போயிட்டாரோ?" (சிரிப்பு) இல்லைம்மா. சரியாத்தான் உட்கார்ந்திருக்கேன். எனக்குக் கடவுள் உண்டு. ஆனா நான் திருடாம இருக்கிறதுக்கு அவர் வந்து காவல் நிக்கணும்னா, அது எனக்கும் மரியாதை இல்லை, அவருக்கும் மரியாதை இல்லை! (கைதட்டல்)

அம்மா அழகாகக் கேட்டார்கள். "மேலே ஒருவன் பார்க்கிறான் என்ற எண்ணம் போய்விட்டால், ஆளுக்கு ஒரு நியாயம் ஆகிவிடாதா?" நல்ல கேள்வி. ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்னால் ஏதென்ஸ் நகரத்து நீதிமன்ற வாசலில் இதை ஒட்டி நடந்த ஓர் உரையாடலைப் பிளேட்டோ எழுதிவைத்திருக்கிறார். தெய்வ நிந்தனை என்று சாக்ரடீஸ் மேல் வழக்கு. அங்கே யூதிஃப்ரோ என்று ஒருவர் வருகிறார். யார் மேல வழக்குப் போட வந்தார் தெரியுமா? சொந்த அப்பா மேல!

என்ன நடந்தது? அவர்கள் வீட்டுக் கூலியாள் ஒருவன் குடிபோதையில் ஓர் அடிமையைக் கொன்றுவிட்டான். அப்பா அவனைக் கைகால் கட்டிப் பள்ளத்தில் போட்டார். போட்டுவிட்டு, இவனை என்ன செய்யலாம், சமய விதி என்ன சொல்கிறது என்று கேட்டுவர ஏதென்ஸுக்கு ஆள் அனுப்பினார். போனவன் திரும்புவதற்குள் பள்ளத்தில் கிடந்தவன் பசியிலும் குளிரிலும் செத்துப்போனான். விதி கேட்க ஆள் அனுப்பத் தெரிந்த மனுஷனுக்கு, ஒரு வாய் கஞ்சி கொடுக்கத் தோணலை பாருங்க!

"அப்பா மேல் வழக்குப் போடுவதுதான் தெய்வத்துக்கு உகந்தது" என்கிறார் மகன். சாக்ரடீஸ் விடுவாரா? தெய்வத்துக்குப் பிடிப்பதால் அது நல்லதா, நல்லது என்பதால் தெய்வத்துக்குப் பிடிக்கிறதா என்று மடக்கினார்.

எதிரணி பதில் சொல்லட்டும். பிடிப்பதால்தான் நல்லது என்றால், நாளைக்குக் கொலை பிடித்துவிட்டால் கொலையும் நல்லதாகிவிடும். "சேச்சே, கடவுள் அப்படிச் சொல்லமாட்டார்"ம்பீங்க. ஏன் சொல்லமாட்டார்? அது தப்புன்னு அவருக்குத் தெரியும். அப்போ, அவர் சொல்றதுக்கு முன்னாலேயே அது தப்பு! (பலத்த கைதட்டல்)

ஊருக்கு ஊர் வழக்கம் மாறும், ஒப்புக்கொள்கிறேன். அடிமை வைத்துக்கொள்வது அன்றைக்கு ஏதென்ஸில் தப்பில்லை. சாமி கும்பிட்டுக்கிட்டேதான் வச்சிருந்தாங்க. ஆனால் அந்தப் பள்ளத்தில் கிடந்தவனைக் கேளுங்கள். எந்த நூற்றாண்டில், எந்த நாட்டில் கேட்டாலும் ஒரே பதிலைத்தான் சொல்வான்.

நாள்தோறும் பிரார்த்தனை செய்தவர் காந்தியடிகள். 'கடவுளே உண்மை' என்று சொல்லிவந்தவர், பிறகு 'உண்மையே கடவுள்' என்று மாற்றிச் சொன்னார். கடவுளை மறுப்பவனும் உண்மையை மறுக்கமாட்டான் என்பது அவர் கருத்து. ஆந்திரத்து நாத்திகர் கோரா, தம் மகளைத் தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞருக்கு மணம் முடிக்க முன்வந்தபோது, 'கடவுள் பெயரால்' என்பதை விட்டு 'உண்மையின் பெயரால்' மணவிழா நடத்தக் காந்தி இசைந்தார். 1948இல் சேவாகிராமத்தில் கல்யாணம் நடந்தது. பார்க்கத்தான் அவர் இல்லை.

என் கதைக்கு வருகிறேன். பல வருஷத்துக்கு முன்னால், ஒரு கல்லூரியில் ஏழை மாணவர் உதவித்தொகை. ஒரே ஒரு இடம். தேர்வு செய்ய நானும் இன்னொரு பேராசிரியரும். அவர் கருப்புச் சட்டைக்காரர். கடைசியில் ரெண்டு விண்ணப்பம் நின்றது. ஒன்று என் மைத்துனர் மகனுடையது. வீட்டு உத்தரவு வேறு! (சிரிப்பு) முருகனை நினைச்சுக்கிட்டேன், பேனாவைத் திறந்தேன். அவர் கோபப்படவில்லை. "ஐயா, அந்த இன்னொரு பையன் எழுதினதையும் ஒரு தடவை படிச்சிட்டுப் போடுங்க" என்றார். அவ்வளவுதான்.

படித்தேன். அப்பா இல்லை. அம்மா செங்கல் சூளையில். பையன் லீவு நாளில் அதே சூளையில். என் மைத்துனருக்கு நெல் மில் இருக்கிறது.

அந்தப் பையனுக்கே போட்டேன். மைத்துனர் எட்டு வருஷம் என்னோடு பேசவில்லை. வீட்டுல அம்மா இன்னும் பேசுறதை நிறுத்தலை! (சிரிப்பு)

அன்றைக்கு அந்த அறையில் கடவுள் இருந்தாரா என்று எதிரணி அம்மா கேட்பார்கள். இருந்தார் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் என் கையைப் பிடித்தது, அவரை நம்பாத மனுஷன்.

நடுவர் மணியில கை வச்சுட்டார். (கைதட்டல்)