செவி வாங்கும் ஒலி, நெற்றி தேறும் சொல்



பத்தாண்டுகளாகக் கவிதை கேட்டுப் பழகிய அவை இது. ஆகவே, கேட்டல் என்னும் செயலைப் பற்றியே பேச விழைகின்றேன். நான் மருத்துவம் பயின்றவள் அல்லள், இலக்கணம் கற்பிப்பவள். எழுத்துகள் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்தார். அவை சென்று சேரும் இடத்தை மூளையியலார் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தேடி வருகின்றனர்.

1861இல் பாரிசு நகரில் பால் புரோக்கா என்னும் மருத்துவர், ஓரசையன்றி ஏறக்குறைய வேறெதுவும் பேச இயலாதிருந்த ஒருவரின் மூளையை, அவர் இறந்தபின் ஆராய்ந்தார். இடப்பக்க நெற்றி மடலில் பழுது இருந்தது. 1874இல் செருமானியரான கார்ல் வெர்னிக்கே, பேச்சைப் புரிந்துகொள்ளும் ஆற்றலைக் காதை ஒட்டிய பொட்டு மடலோடு பொருத்தினார். நெற்றி பேசும், பொட்டு கேட்கும் என்று பாகப் பிரிவினை ஆயிற்று. பாகப் பிரிவினைகள் அவ்வளவு எளிதில் முடிவதுண்டா? இரு மடல்களையும் வில்போல் வளைந்த நரம்பிழைக் கற்றை இணைக்கின்றது. நாம் வாய்மூடிக் கேட்கும்போதும் நெற்றி மடல் சும்மா இருப்பதில்லை. வரப்போகும் சொல்லை அது ஊகிக்கின்றது.

1970இல் ரிச்சர்டு வாரன் என்னும் அமெரிக்க உளவியலார், பதிவுசெய்த தொடரொன்றில் ஓர் ஒலியை வெட்டியெடுத்து, அவ்விடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். கேட்டவர்களோ சொல் முழுமையாக ஒலித்ததாகவே உணர்ந்தனர். 2012இல் கேம்பிரிட்ஜில் நடந்த ஆய்வில், சிதைத்த பேச்சைக் கேட்பிக்குமுன் அதன் எழுத்து வடிவைக் காட்டினர். பேச்சு தெளிவாகக் கேட்டது. அவ்வேளையில் நெற்றி மடலின் கீழ்ப்பகுதியில் தோன்றிய மாற்றம், பொட்டு மடலின் மாற்றத்தை முந்தியிருந்தது. அம்பத்தூர் நிலையத்தில் மின்தொடர் வண்டியின் இரைச்சலுக்கிடையே நண்பர் சொல்வது விளங்குவதில் இந்த ஊகத்துக்கும் பங்குண்டு.

இவ்வுதவியே தமிழுக்கு இடராகவும் முடிகின்றது என்பது என் கருத்து. "வாளப்பழம்" என்று கடைக்காரர் கூவினால் நாம் வாளை மீனை நினைப்பதில்லை, நெற்றி திருத்திக்கொள்கின்றது. "ஊழலை ஒளிப்போம்" என்று மேடையில் முழங்கினாலும் கைதட்டுகின்றோம். (சில வேளைகளில் அவர் உண்மையைத்தான் சொல்கின்றாரோ என்னும் ஐயமும் எழுகின்றது.) பிழை உடனுக்குடன் மன்னிக்கப்படுவதால், திருந்த வேண்டிய தேவையே எழுவதில்லை. ஆனால் ஊகம் எப்போதும் பழகிய சொல்லின் பக்கமே சாயும். வகுப்பில் நான் கிளவியாக்கம் என்று சொன்னால், புதிய மாணவர்கள் மூதாட்டி ஒருத்தியை நினைத்துச் சிரிக்கின்றனர். அரிய சொல் இவ்வாறே தோற்கின்றது.

குற்றத்தை நாவின்மேல் மட்டும் சுமத்துகின்றோம். தொல்காப்பியர் ழகரத்தை ரகரத்தோடு சேர்த்தார். நுனிநா மேலெழுந்து அண்ணத்தைத் தடவப் பிறப்பவை இரண்டும். ளகரத்தை லகரத்தோடு வைத்தார். இவ்விலக்கணத்தை மனப்பாடம் செய்த மாணவரும் ழகரத்தில் இடறுகின்றனர். செவிப்பழக்கம் அதற்கு வெகு முன்னரே அமைந்துவிடுகின்றது. கனடாவில் வெர்க்கர், டீசு என்னும் இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதங்களில் இந்தியின் தகர, டகர வேறுபாட்டை உணர்ந்தனர். பத்து, பன்னிரண்டு மாதங்களில் அவர்களுட் பெரும்பாலோர் அதனை இழந்தனர். இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளோ இழக்கவில்லை. ஆவடியில் படைக்கலத் தொழிற்சாலைகளை ஒட்டிய குடியிருப்புகளில் பன்மொழிக் குழந்தைகள் வளர்கின்றனர். பல மொழி கேட்பது தீங்கென்று நான் சொல்லவில்லை. தமிழின் ழகரம் தமிழ் வீட்டிலேயே ஒலிக்காதபோது குழந்தையின் செவி எதைப் பிடித்துக்கொள்ளும்?

பாவலர்களாகிய உங்களுக்கு இங்கே தனிப் பொறுப்புண்டு. உரைநடையில் முன்பின் சொற்கள் பிழையைத் தாங்கிக்கொள்ளும். கவிதையிலோ அடுத்த சொல் எதிர்பாராததாக இருக்க வேண்டும் என்றே நீங்கள் பாடுபடுகின்றீர்கள். அங்கே ஊகம் கைகொடுப்பதில்லை. அலகு பறவையின் மூக்கு, அளகு பெட்டைக் கோழி, அழகு வேறு. மூன்றையும் ஒரே அடியில் வைத்தவர் மூன்றையும் ஒரே ஒலியில் படித்தால், இழப்பு முதலில் அவருக்கே.

அடுத்த கவியரங்கில் அச்சிட்ட தாள்களை முன்னதாக வழங்க வேண்டா என்று தலைவரை வேண்டுகின்றேன். பாவலர் படிக்கட்டும், நால்வர் கேட்டு எழுதட்டும். எழுதியதைப் பாடலோடு ஒப்பிட்டு, எத்தனை ழகரம் கரைசேர்ந்தது என்று எண்ணிப் பார்ப்போம். முதற்பாடலைப் படிக்க நானே முன்வருகின்றேன்.