மாட்டுப் புண்ணுக்குத் தேன்



பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மக்காச்சோளம் அறுத்த காட்டில் மாட்டை மேய விட்டால், தட்டையின் அடிக்கட்டை காலில் குத்திவிடுகிறது. வேலிக் கம்பி தோலைக் கிழிக்கிறது. உடனே நம்மில் பலர் என்ன செய்கிறோம்? மண்ணெண்ணெயை ஊற்றுகிறோம், இல்லாவிட்டால் சுண்ணாம்பை அப்புகிறோம். இவை புண்ணில் முளைத்து வரும் புதுச் சதையையும் சேர்த்துப் பொசுக்கிவிடும். மேல்புண்ணுக்குத் தேன் போட்டுப் பாருங்கள்.

தேனில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு சர்க்கரை. ஊறுகாயில் உப்பு செய்கிற வேலையைப் புண்ணில் இது செய்கிறது. கிருமியின் நீரை உறிஞ்சிவிடுகிறது. புண்ணின் கசிவு கலந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற கிருமிக்கொல்லி சிறுகச் சிறுக ஊறுகிறது. தேனைச் சுட வைக்காதீர்கள். சுட்டால் அதை ஊறச் செய்யும் பொருள் கெட்டுவிடும். வெல்லப்பாகு கலந்த தேனும் வேண்டாம்.

முதலில் கழுவுவதுதான் முக்கியம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, 9 கிராம் உப்புப் போட்டு, சேறும் சாணமும் போகக் கழுவுங்கள். துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணியில் தேனைத் தடவி, புண்மேல் வைத்துக் கட்டுங்கள். தினம் ஒரு முறை மாற்றுங்கள். துணி நனைந்து ஒழுகினால் இரண்டு முறை. கட்டாமல் விட்டால் எறும்பும் ஈயும் மொய்க்கும், மாடும் நக்கிவிடும்.

கென்யாவில் ஒரு பால் பண்ணையில் கோமாரிப் புண்களைக் கழுவி, தேனும் கேழ்வரகு மாவும் தடவியதில் நல்ல குணம் கிடைத்ததாக 2011-ல் எழுதியிருக்கிறார்கள். நமக்கும் கேழ்வரகு புதிதல்லவே! ஆனால் கோமாரி வராமல் காப்பது தடுப்பூசிதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடுவதைத் தவற விடாதீர்கள்.

எல்லாப் புண்ணுக்கும் தேன் ஆகாது. புழு வைத்திருந்தால் முதலில் கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெயை விட்டுப் புழுவை எடுக்க வேண்டும். ஆணி ஆழமாகக் குத்தினால், ஆட்டுக்கு ரணஜன்னி வரும், ஊசி தேவை. ரத்தம் நிற்காவிட்டாலும், மடிக்காம்பு கிழிந்தாலும் காத்திருக்காதீர்கள்.

நாய் கடித்தால் சோப்பும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிவாயில் தேனோ மிளகாய்ப் பொடியோ வைக்கக் கூடாது. கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்லுங்கள். முடியாவிட்டால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்து, ஊர்ப் பெயரையும் கடிபட்ட நேரத்தையும் சொல்லுங்கள்.