அதிர்ச்சி தாங்கிகள்

மழைக்காலம் முடிந்த பின்னர்க் கிராமத்துச் சாலையில் பேருந்தில் செல்வோருக்கு ஓர் உண்மை விளங்கும். ஒரே வண்டி, ஒரே பள்ளம்; ஆயினும் நடுவில் அமர்ந்திருப்பவர் சற்றே அசைகிறார்; கடைசி இருக்கையில் அமர்ந்திருப்பவரோ கூரையைத் தொட்டுவிட்டு வருகிறார். பின் சக்கரங்களுக்கும் அப்பால் நீண்டு நிற்கும் பகுதி அது. அண்மையில் அவ்விதம் தூக்கி எறியப்பட்டவர்களுள் நானும் ஒருவன். அருகிலிருந்த பெரியவர், "தம்பி, வண்டிக்கு ஷாக் அப்சார்பர் போய்விட்டது போலிருக்கிறது" என்றார். "வண்டிக்குப் போனதோ இல்லையோ, நமக்குப் போய்விட்டது ஐயா" என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். வலி பாதி குறைந்தது. அன்று முழுவதும் என் சிந்தனை அதிர்ச்சி தாங்கிகளைப் பற்றியே ஓடியது. அவற்றைக் குறித்தே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கட்டை வண்டியில் சென்ற காலத்தில் சாலையிலுள்ள ஒவ்வொரு கல்லும் பயணியின் முதுகெலும்போடு நேரே பேசியது. அதனால்தான் வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சமுக்காளம் விரித்தார்கள். வசதி படைத்தோர் வில் வண்டி வைத்திருந்தார்கள். எஃகுப் பட்டைகளை வில்லைப் போல வளைத்து அடுக்கி, அச்சுக்கும் வண்டிக்கும் இடையே பொருத்தியதால் வந்த பெயர் அது. பின்னர்க் காற்றும் துணைக்கு வந்தது. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தரையில் குலுங்குவதைக் கண்டு, காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றிப் பார்த்தார். 1888இல் அதற்கு உரிமம் பெற்றார். இராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845லேயே இவ்வெண்ணத்துக்கு உரிமம் பெற்றிருந்தார். ஆனால் உலகம் ஏற்றுக்கொண்டது டன்லப்பின் சக்கரத்தையே.

வில்லும் காற்றும் வந்தபின் குறை தீர்ந்ததா? தீரவில்லை. வில் தான் வாங்கிய அடியைத் தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை. உடனே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வில் மட்டும் உள்ள வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தால், பள்ளம் கடந்த பின்னும் மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே செல்லும். அந்தத் துள்ளலை அடக்குவதே உண்மையான அதிர்ச்சி தாங்கியின் வேலை. அதன் அமைப்பு எளியது. ஓர் உருளை, அதற்குள் எண்ணெய், எண்ணெயில் ஏறி இறங்கும் ஓர் உந்துதண்டு. தண்டின் முனையிலுள்ள தட்டில் சிறு துளைகள். வண்டி குலுங்கும்போது எண்ணெய் அத்துளைகளின் வழியே நெருக்கியடித்துக்கொண்டு செல்ல வேண்டும். அந்த நெருக்கடியில் துள்ளலின் வேகம் தணிகிறது.

தணிந்த ஆற்றல் எங்கே போயிற்று? ஆற்றல் அழிவதில்லை என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். அது வெப்பமாகிறது. கரடுமுரடான சாலையில் நெடுந்தூரம் ஓடிவந்த வண்டியின் அதிர்ச்சி தாங்கியைத் தொட்டுப் பார்த்தால் அது சூடேறியிருப்பது தெரியும். மேலே அமர்ந்தவர் சுகமாக உறங்குகிறார். கீழே ஒன்று அவருக்காகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இங்கே வருவோம்.

நம் உடலே இத்தகைய தாங்கிகளின் களஞ்சியம். முதுகெலும்பின் கணுக்களுக்கிடையே 23 மெல்லிய வட்டுகள் உள்ளன. நாள் முழுவதும் நம் பாரத்தைச் சுமந்து அவை நீரை இழந்து நசுங்குகின்றன. இரவில் படுத்ததும் நீரை ஏற்று மீள்கின்றன. மாலையைவிடக் காலையில் நாம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரமாயிருப்பது இதனால்தான். மூளையின் எடை சுமார் 1400 கிராம். அது நீர்மத்தில் மிதப்பதால் 50 கிராம் அளவே பாரமுள்ளதுபோல் இருக்கிறது. தாங்கிக்கும் ஓய்வு வேண்டும் என்பதை வட்டுகள் நமக்கு உணர்த்துகின்றன.

இனி ஒரு கேள்வி. எல்லா அதிர்ச்சியையும் தணித்துவிடுவது நன்மையா? மரங்கொத்தியின் மண்டையோட்டில் அதிர்ச்சியைத் தணிக்கும் மெத்தை இருப்பதாக நெடுங்காலம் நம்பினார்கள். அதிவேகப் படங்கள் எடுத்து ஆராய்ந்தவர்கள் 2022இல் வேறு முடிவுக்கு வந்தார்கள். அதன் தலை இறுகிய சுத்தியலைப் போலவே இயங்குகிறது. மூளை சிறியதாகையால் தீங்கு நேர்வதில்லை. சிந்தித்தால் இது பொருத்தமே. சுத்தியலுக்குப் பஞ்சு கட்டினால் ஆணி இறங்குமா? மெத்தை வைத்த தலையால் மரத்தைத் துளைக்க இயலாது. சில அடிகள் முழுமையாகச் சென்று சேரத்தான் வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் கற்றிருக்க வேண்டும். கல்லூரி முதலாண்டில் கணிதத் தேர்வில் தவறினேன். என் தந்தையார் கடுஞ்சினம் உடையவர். செய்தியை அவரிடம் சொல்லும் துணிவு எனக்கில்லை. என் அக்காள் சொன்னாள். "அருகிலிருந்து நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்று தொடங்கிய சொற்கள் யாவும் அவள்மேலேயே விழுந்தன. இரவு என் முன் வந்தபோது தந்தையார், "அடுத்த முறை கவனமாகப் படி" என்று மட்டும் சொன்னார். நான் நிம்மதியாக உறங்கினேன். அன்று அக்காள் உண்ணவில்லை என்பதை அறியவில்லை. எனக்கு அடி படாததால் பாடமும் படவில்லை. அடுத்த தேர்விலும் தவறினேன்.

இம்முறையும் அவளிடமே போய் நின்றேன். அவள் சினக்கவில்லை. "தம்பி, நீ தவறியதற்கு நான் அழவில்லை. போன முறை வாங்கியதே இன்னும் உள்ளே ஆறவில்லை, அதற்குள் இன்னொன்றா?" என்றாள். அன்று நானே தந்தையார் முன் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் ஒரு நாழிகை பேசினார். ஒவ்வொரு சொல்லும் என்னைச் சேர்ந்தது. மூன்றாம் முறை தேர்ச்சி பெற்றேன்.

ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். தாயாக, தமக்கையாக, சில வீடுகளில் பாட்டியாக. சுடுசொல்லை வாங்கிக்கொண்டு இன்சொல்லாக மாற்றித் தருகிறார். வில்லைப் போன்றவர்களும் உண்டு. வாங்கிய சொல்லை அப்படியே திருப்பி எறிவார்கள். வீடு துள்ளிக்கொண்டே இருக்கும். தாங்குபவர் அவ்வாறு செய்வதில்லை. ஆனால் தாங்கியது மறைந்துவிடவில்லை. உள்ளே வெப்பமாக நிற்கிறது.

வண்டியின் தாங்கியைச் சோதிக்கப் பட்டறையில் ஒரு வழி உண்டு. வண்டியின் ஒரு மூலையைக் கையால் அழுத்திவிட்டு விடுவார்கள். ஓரிரு அசைவில் நின்றால் நலம். ஆடிக்கொண்டே இருந்தால் எண்ணெய் கசிந்து ஓய்ந்துவிட்டது என்று பொருள். மனிதரை அழுத்திப் பார்த்தா அறிய வேண்டும்? கேட்டாலே போதும். மாணவ நண்பர்களே, இன்று வீடு திரும்பியதும் உங்கள் வீட்டில் யார் தாங்குகிறார் என்று பாருங்கள். அவரிடம் சென்று, உங்களுக்கு உரிய சுமையில் ஒரு பகுதியையேனும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.