கண் மஞ்சளானால் முதலில் எங்கே போவது?

(தர்மபுரத்தில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1977 வன்செயலுக்குப் பின் மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த எம்மவர்கள் பெரிய சொத்து எதையும் கொண்டுவரவில்லை. கைவைத்தியத்தைக் கொண்டுவந்தார்கள். செங்கண்மாரிக்குக் கீழ்காய்நெல்லியை அரைத்து மோரில் கொடுப்பது அதில் ஒன்று. தோட்டத்திலும் அதுதான், இங்கும் அதுதான். அதை ஏளனம் செய்ய நாம் வரவில்லை. அதை எந்த இடத்தில் வைப்பது என்று பேசவே வந்தோம்.

மஞ்சள் என்பது நோயல்ல, நோயின் அடையாளம். ஈரல் வீங்கினாலும் கண் மஞ்சளாகும், பித்தக்குழாய் அடைபட்டாலும் மஞ்சளாகும். அழுக்குத் தண்ணீரால் வரும் ஹெப்படைட்டிஸ் ஏ 2009இல் மெனிக் பாம் முகாமில் பரவியதை இங்கே பலர் கண்டிருப்பீர்கள். அந்த வகை பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே மாறும். ஆனால் பெயர் வாங்குவது குடித்த மருந்து. அந்த நம்பிக்கையில் அடுத்த வீட்டுக்காரருக்கும் அதையே அரைத்துக் கொடுக்கிறோம். அவருக்கு வந்தது எலிக்காய்ச்சலாக இருந்தால் என்ன செய்வது?

2024 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. வயல் சேற்றில் காலில் உள்ள சிறு காயம் வழியே கிருமி ஏறும். காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு, பிறகு மஞ்சள். நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் சுகப்படுத்தலாம். மோரும் இலையுமாக நாலு நாள் போனால் சிறுநீரகமும் பழுதாகும்.

கீழ்காய்நெல்லியை விஞ்ஞானிகளும் பரிசோதித்தார்கள். 1988இல் சென்னையில் தியாகராஜன் குழுவினர் ஹெப்படைட்டிஸ் பி கிருமி உள்ள 37 பேருக்கு 30 நாள் கொடுத்தபோது 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் பிற்பாடு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

மூலிகை என்றால் கெடுதல் இல்லை என்பதும் சரியல்ல. 1981இல் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் நாட்டில் பாவிக்கும் 50 மூலிகைகளைச் சோதித்தார்கள். கிலுகிலுப்பை, குடசப்பாலை, ஆவரசு ஆகிய மூன்றில் ஈரலைத் தாக்கும் நஞ்சு இருப்பதாகக் கண்டார்கள். எலிகளின் ஈரலும் பழுதுபட்டது. ஆவரசம்பூத் தேநீர் எங்கள் வீடுகளில் உள்ளதுதான். ஒரு கோப்பை குடித்தவர் பயப்பட வேண்டாம். ஆனால் ஈரல் நோயாளி அதை மருந்தென்று தினமும் குடிக்கக் கூடாது. 2020இல் கொரோனாக் காலத்தில் மும்பையில் சீந்தில் கஷாயம் குடித்த ஆறு பேருக்கு ஈரல் பாதித்ததாக வைத்தியர்கள் எழுதினார்கள். இந்திய ஆயுஷ் அமைச்சு அதை மறுத்தது. சண்டை அவர்களுக்குள் இருக்கட்டும். கவனம் எமக்கு வேண்டும்.

ஆகவே நாம் சொல்வது இவ்வளவுதான்:

ஒன்று, கண் மஞ்சளானால் முதலில் அரசாங்க ஆஸ்பத்திரி. இரத்தமும் சிறுநீரும் சோதிக்கட்டும். கர்ப்பிணி, கைக்குழந்தை என்றால் அன்றைக்கே போக வேண்டும். மயக்கம், புத்தித் தடுமாற்றம், இரத்த வாந்தி, கறுப்பு மலம் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

இரண்டு, நாட்டு மருந்து வேண்டுமென்றால் பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியரிடம் போங்கள். பெயர் ஒட்டாத தூளும் பஸ்பமும் வாங்காதீர்கள். அவற்றில் இரசமும் ஈயமும் இருக்கலாம்.

மூன்று, என்ன குடித்தீர்கள் என்பதை டொக்டரிடம் மறைக்காதீர்கள். ஏசுவார் என்று பயப்படாமல் போத்தலையும் இலையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நான்கு, அரிஷ்டத்திலும் மதுசாரம் உண்டு. ஈரல் நோயாளிக்கு அது ஆகாது. கசிப்பையும் சாராயத்தையும் விடாமல் எந்த இலையை அரைத்தும் பயனில்லை. பனடோலையும் சொன்ன அளவுக்கு மேல் போடாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் பேர் போகும் என்பது எமக்குத் தெரியும். பலர் வீட்டு வைத்தியத்தோடு நிற்பதற்கு அறியாமையைவிட அந்தக் கூலிதான் காரணம். அதனால்தான் இது சங்கத்தின் வேலையுமாகிறது. நோய்க்குப் போகும் நாளுக்குக் கூலி வெட்டக் கூடாது என்று கேட்போம். காலபோகத்துக்கு முன்பே எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைத் தரும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்போம். குடிநீர்க் கிணறுகளுக்குக் குளோரின் போடச் சொல்வோம்.

கூலி வெட்டுப்பட்டால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். வழக்கை நாம் பேசுகிறோம். நீங்கள் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.